முயலின் தலை சரிந்தால், கால் இழுபட்டால்: வீட்டிலிருந்து மிருக வைத்தியர் வரை நரம்பு நோயைக் கண்டறியும் வழி

முயலின் தலை ஒரு பக்கம் சரிந்துவிட்டால் அயலில் பதில்களுக்குக் குறைவில்லை. ஒருவர் பாரிசவாதம் என்பார், இன்னொருவர் குளிர் பிடித்துவிட்டது என்பார், வீட்டுப் பெரியவர் கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். கடையில் கேட்டால் ஒரு விற்றமின் ஊசியும் ஏதோ ஓர் அன்ரிபயோற்றிக்கும் கிடைக்கும். நோய் முயலின் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நரம்பு நோயில் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் இடம், பிறகு காரணம், அதற்குப் பிறகே மருந்து. மூளையா, உடம்பின் சமநிலையைப் பார்க்கும் உட்காதா, முள்ளந்தண்டா, காலுக்குப் போகும் நரம்பா, அல்லது நரம்பே இல்லாமல் வேறு ஏதாவதா? இதைச் சொல்ல பெரிய இயந்திரம் தேவையில்லை. பொறுமையாகப் பார்க்கும் கண்ணும் ஒரு போனும் இருந்தால் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான மிருக வைத்தியர்களின் நாள் மாடு, ஆடு, நாய், கோழி என்றே போகிறது. முயலைப் பற்றி நீங்கள் கொண்டுபோகும் விவரம் தெளிவாக இருந்தால் அவர்களுடைய வேலையும் இலகுவாகும்.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

கீழே சொல்லும் எதையும் செய்துகொண்டிருக்க நேரமில்லாத சில நிலைமைகள் உண்டு. வலிப்பு நிற்காமல் வருவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பின்னங்கால்கள் இரண்டும் திடீரென்று விழுந்துபோவது, நஞ்சு பட்டிருக்கலாம் என்ற சந்தேகம், அரை நாளுக்கு மேலாக ஒன்றும் தின்னாமலும் பிழுக்கை போடாமலும் இருப்பது. இவற்றில் ஒன்று கண்டாலும் ஓட்டோவைக் கூப்பிடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

சித்திரை, வைகாசியில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சோளகக் காற்று எழும்புவதற்கு முந்திய அந்த வாரங்களில் தகரத்துக்குக் கீழே, சீற்றுக்குக் கீழே இருக்கும் கூடு மத்தியானத்தில் அடுப்பாகிவிடும். முயலுக்கு வியர்க்காது. சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். வெப்பம் தாக்கிய முயல் தள்ளாடும், நாடியிலிருந்து எச்சில் வழியும், கடைசியில் வலிப்பும் வரும். பார்ப்பதற்கு அப்படியே மூளை நோய் போலிருக்கும். வைத்தியரிடமிருந்து கற்றுக்கொண்டு ஆசனவாய் வெப்பமானியை நீங்களே வைக்கப் பழகுவது நல்லது. முயலுக்கு 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இயல்பு. 40.5ஐத் தாண்டினால் காதுகளை ஈரத் துணியால் நனைத்து, நிழலில் காற்றுப்படும்படி வைத்துக்கொண்டே புறப்படுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. மறுபக்கம், வெப்பநிலை 38க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காய்ச்சலை விட மோசமான செய்தி. முயல் அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: தொடாமல் பார்ப்பது

முயல் இரையாகும் விலங்கு. தூக்கியவுடன் உறைந்துபோய் நோயை மறைத்துவிடும். வைத்தியரின் மேசையில் கல் மாதிரி இருக்கும் முயல் வீட்டில் சுற்றிச் சுற்றி உருண்டிருக்கலாம். அதனால் முதல் வேலை வீடியோ. முயலைத் தரையில் விட்டு, நீங்களும் குந்தி, அதன் உயரத்திலேயே போனைப் பிடியுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பிறகு கண்ணுக்குக் கிட்டே சில நொடிகள்.

ரைல்ஸ் தரையில் விடாதீர்கள். வழுக்கும் தரையில் நல்ல முயலுக்கும் கால் விரியும். அதைப் பார்த்துப் பக்கவாதம் என்று சொன்னால் தவறாகிவிடும். சாக்கோ பாயோ விரித்து அதில் நடக்க விடுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் புத்தித் தெளிவு. கூப்பிட்டால் காது திரும்புகிறதா, கீரையைக் காட்டினால் வருகிறதா, அல்லது மூலையில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறதா? பிறகு நடை. ஒரே பக்கமாக வட்டமடிக்கிறதா, காலை உயரத் தூக்கி வைக்கிறதா, பாதத்தின் மேற்பக்கம் நிலத்தில் உராய்கிறதா? தலை சரிந்திருந்தால் எந்தக் காது கீழே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். இது பிறகு முக்கியமாகும்.

கண்ணை நிதானமாகப் பாருங்கள். கண்மணி ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, மறுபக்கம் சட்டென்று வெட்டித் திரும்புகிறதா? அந்த ஆட்டம் இடம் வலமாகவா, மேலும் கீழுமாகவா, சுழல்வது போலவா? வேகமாக இருந்தால் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. வீடியோவை வேகம் குறைத்துப் போட்டால் தெரியும்.

அடுத்தது மூக்கு. நல்ல முயலின் மூக்குத் துவாரங்கள் இரண்டும் சேர்ந்து துடிக்கும். ஒரு பக்கம் மட்டும் துடித்து, மற்றது சும்மா இருந்தால், சும்மா இருக்கும் பக்கத்து முக நரம்பில் கோளாறு. உதடு தொங்குவது, ஒரு கண் மூடாமலிருப்பது, ஒரு காது மட்டும் விழுந்திருப்பது எல்லாம் அதே குடும்பம். இதை நேர் முன்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் முயலை மேலிருந்துதான் பார்க்கிறார்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. சிவப்புக் கண் வெள்ளை முயல்கள் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிப் பார்ப்பது வழக்கம். அவற்றின் பார்வை குறைவு, தூரத்தை மட்டுக்கட்ட அப்படிச் செய்கின்றன. குட்டியிலிருந்தே ஆட்டிக்கொண்டு, ஓடித் திரிந்து, நன்றாகத் தின்னும் முயலுக்கு இந்த ஆட்டத்துக்காக மருந்து கொடுக்க வேண்டாம்.

படி 2: கதை கேட்பது

வீட்டிலுள்ள எல்லோரையும் கேளுங்கள், சின்னப் பிள்ளைகளையும் திட்டாமல் கேளுங்கள். "தூக்கேக்க விழுந்திட்டுது" என்ற ஒரு வரி எக்ஸ்றேயை விடப் பெறுமதியாக இருக்கலாம். திடீரென்று வந்ததா, நாளுக்கு நாள் கூடியதா? திடீர் என்றால் அடி, நஞ்சு, வெப்பம், சில வேளைகளில் மூளைத் தொற்று. வாரக்கணக்கில் கூடியது என்றால் காதுச் சீழ், முள்ளந்தண்டுத் தேய்வு, கட்டி.

எங்கள் பக்கத்தில் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி, புல்லும் இலையும் எங்கிருந்து வந்தன என்பது. திருநெல்வேலி, கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கம் தோட்ட வரம்பில் அறுத்த புல், சந்தையில் கழித்த கோவா இலை, கரட் தழை எல்லாம் முயலுக்கு இலகுவாகக் கிடைப்பவை. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ எப்போது மருந்து அடித்தார்கள் என்று விசாரியுங்கள். போத்தலின் லேபலைப் படமெடுத்து வையுங்கள். வேலியில் நிற்கும் அலரியையும் மறக்க வேண்டாம். அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கி முயலைச் சோர்ந்து விழச் செய்யும், பார்ப்பவர் நரம்பு என்று நினைப்பார். மரவள்ளி இலையில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதைத் தின்ற சற்று நேரத்தில் மூச்சுத் திணறி வலிப்பு வந்தால் அந்தத் தகவலை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

வீட்டு நாய்க்கு உண்ணிக்கு அடித்த மருந்தை முயலுக்கும் அடித்தீர்களா? பிப்ரோனில் என்ற பொருள் சேர்ந்த மருந்து நாய்க்குச் சரி, முயலுக்கு வலிப்பையும் மரணத்தையும் கொண்டுவரும். காதுச் சொறிக்கு ஐவர்மெக்றின் ஊசியை யாராவது மட்டுக்கட்டிப் போட்டார்களா? அளவு கூடினால் அதுவும் நரம்பைத்தான் தாக்கும்.

மிச்சக் கேள்விகள் சுருக்கமாக: வயது, பெண்ணானால் சினையா, புதிதாக வேறு முயல் வந்ததா, அண்மையில் அயலில் வெடி கொளுத்தினார்களா, வளவுக்குள் பாம்பு கண்டீர்களா, நாய் கடித்ததா. நாகம் தீண்டினால் இமை தொங்கி உடம்பு தளர்ந்து மூச்சு நின்றுபோகும். நாய்க்கடிக்குப் பிறகு வரும் நரம்பு அறிகுறி தனி வகை, அதற்குக் கீழே வருகிறேன்.

படி 3: நரம்பா, வேறா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். கால் இழுக்கும் முயலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தால் சில வேளை கம்பிக் கூட்டில் நின்று நின்று வந்த புண் இருக்கும். அது வலி, வாதம் இல்லை. வயது போன, கொழுத்த முயலில் மூட்டுத் தேய்வு. தலையை உதறி உதறிச் சொறிந்தால் காதுக்குள் பாருங்கள். மண்ணிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு இருந்தால் அது காதுச் சொறி, சிற்றுண்ணியால் வருவது. எங்கள் ஊர் முயல்களில் அடிக்கடி காண்பது. அது தலையை உதற வைக்கும். தலை நிரந்தரமாகச் சரிந்து நிற்கிறது என்றால் தொற்று உள்ளே போயிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

தின்னாமல் கிடந்து சீனி இறங்கிய முயலும், சிறுநீரகம் பழுதான முயலும், இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்த முயலும் துணி மாதிரித் துவண்டு கிடக்கும். கொழுத்த பெண் முயல் சினையின் கடைசி வாரத்தில் தின்னாமல் விட்டால் நஞ்சேறி வலிப்பு வரும். இவற்றில் நரம்பு பாதிக்கப்பட்டாலும் பிழை வேறிடத்தில். இரத்தச் சீனி பார்ப்பதற்கு வீட்டில் அப்பா, அம்மா பாவிக்கும் மானியே ஓரளவுக்குப் போதும், துளியை வைத்தியர் காதிலுள்ள இரத்த நாளத்திலிருந்து எடுப்பார். டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 75 முதல் 150 மில்லிகிராம் வரை இயல்பு. பயத்தில் அதற்கு மேலும் ஏறும், அதை நீரிழிவு என்று நினைக்க வேண்டாம். 360ஐத் தாண்டினால் குடல் அடைப்புப் போன்ற பெரிய பிரச்சினையைத் தேட வேண்டும்.

படி 4: கையால் பார்ப்பது

இது வைத்தியரின் வேலை. ஆனாலும் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் நீங்களும் விளங்கிக் கேட்கலாம். சிலவற்றை வீட்டிலும் மெதுவாகச் செய்யலாம், முதுகில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இல்லாதபோது மட்டும்.

முயலின் பாதத்தை மடக்கி, மேற்பக்கம் நிலத்தில் படும்படி வையுங்கள். நல்ல முயல் உடனே பாதத்தைத் திருப்பி வைக்கும். அப்படியே விட்டால், கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை. நான்கு காலிலும் பாருங்கள். இந்த ஒரு சோதனை காதுக் கோளாறையும் மூளைக் கோளாறையும் பிரிக்க உதவும்.

அடுத்தது, தவறாக வாசிக்கப்படும் சோதனைகளில் முதலிடம் பிடிப்பது. பின்னங்கால் விழுந்த முயலின் விரலைக் கிள்ளினால் கால் இழுபடும். "பாருங்கோ, உணர்ச்சி இருக்கு" என்று சந்தோஷப்படுவோம். கால் மடங்குவதற்கு மூளை தேவையில்லை. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி தானாகவே அதைச் செய்யும், மேலே நரம்பு முற்றாக அறுந்திருந்தாலும் செய்யும். ஆகவே கிள்ளும்போது காலைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். தலையைத் திருப்புகிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா, ஓடப் பார்க்கிறதா? வலி மூளைவரை போனதற்கு அதுதான் சாட்சி. பயந்த முயல் வலித்தாலும் சும்மா இருக்கும் என்பதால் ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அமைதியான நேரத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு நேரே கையை வீசிப் பார்ப்பது நாய்க்கும் பூனைக்கும் நல்ல சோதனை. முயலில் அது நம்பகமில்லை. நல்ல முயல்களில் பல இமைக்கவே மாட்டா. மூக்குக்கு நேர் முன்னால் முயலுக்குக் குருட்டு இடம் ஒன்றும் உண்டு. வாய்க்குக் கிட்டே வைத்த கீரையை உதட்டாலும் மீசையாலும் தேடுவதைப் பார்த்துக் கண் தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

முயலை மல்லாத்திப் போட்டு அமைதியாக்கிப் பரிசோதிப்பது சிலரின் வழக்கம். அது அமைதியே இல்லை, பயத்தில் உறைந்துபோவது. அந்த நிலையில் எடுக்கும் எந்தப் பதிலும் பிழையாகலாம். தவிர, திமிறித் துள்ளினால் முதுகும் போய்விடும்.

படி 5: தலைச் சரிவைப் பிரித்துப் பார்ப்பது

முயல் நரம்பு நோயில் அதிகம் கதைக்கப்படுவது இதுதான், அதிகம் குழம்புவதும் இதிலேதான். இரண்டு பெரிய காரணங்கள் எப்போதும் முன்னுக்கு நிற்கும். ஒன்று நடுக்காது, உட்காதில் சீழ். பாஸ்ச்சுரெல்லா, ஸ்டபிலோகொக்கஸ் போன்ற பக்றீரியாக்கள், பெரும்பாலும் மூக்கு, தொண்டை வழியாக ஏறியவை. மற்றது என்செபலிற்றோசூன் குனிக்குலி என்ற நுண்ணொட்டுண்ணி, சுருக்கமாக ஈ. குனிக்குலி. இது மூளை, சிறுநீரகம், கண்வில்லை மூன்றையும் பிடிக்கும்.

உட்காதுக் கோளாறென்றால் முயல் தலை சரிந்தாலும் தெளிவாக இருக்கும், தின்னப் பார்க்கும். கண்ணாட்டம் இடம் வலமாக அல்லது சுழல்வதாக இருக்கும். வேகமான வெட்டு, சரிந்த காதுக்கு எதிர்ப்பக்கம் போகும். அதே பக்கத்து முக நரம்பும் கூடவே விழலாம், ஏனென்றால் அந்த நரம்பு நடுக்காதை ஒட்டித்தான் போகிறது. மடக்கி வைத்த பாதத்தை உடனே திருப்பும். காதடியை அமத்தினால் வலிக்கும், சில வேளை வீக்கமும் தென்படும். காது தொங்கும் இன முயல்களில் இது கூட. முயலின் சீழ் ஓடாது, பற்பசை மாதிரிக் கட்டியாக இருக்கும். காதுக் குழாய் சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் அடைத்திருக்கலாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூளையிலே கோளாறென்றால் முயல் மந்தமாகும். கண்ணாட்டம் மேலும் கீழுமாக இருக்கும், அல்லது தலையைத் திருப்பினால் ஆட்டத்தின் திசையும் மாறும். பாதம் மடங்கியபடியே கிடக்கும். தலை நடுக்கம், மற்ற நரம்புகளிலும் பிழை. கூடவே கண்ணில் வெள்ளைப் படலமோ அதிகம் தண்ணீர் குடித்து மூத்திரம் போவதோ இருந்தால் ஈ. குனிக்குலியின் பக்கம் தராசு சாயும்.

ஆனால் தராசு சாய்வது வேறு, தீர்ப்பு வேறு. ஈ. குனிக்குலி சில முயல்களில் அப்படியே காதுக் கோளாறு போல வேடமிடும். முதல் இரண்டு மூன்று நாளில் முயல் உருண்டு பிரண்டு களைத்துப்போயிருக்கும்போது மந்தம் எது, களைப்பு எது என்று பிரிப்பதும் கஷ்டம். அதனால் ஒரே ஒரு பரிசோதனையோடு நிற்காமல் சில நாட்கள் கழித்துத் திரும்பவும் முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாட்டம் அடங்கிய பிறகு பாதச் சோதனை தெளிவாகப் பேசும்.

படி 6: பின்னங்கால் விழுந்தால்

முயலின் எலும்புக்கூடு அதன் நிறையில் 8 சதவீதம் அளவுதான். பூனைக்கு 12, 13 வரும். அந்த மெல்லிய எலும்பின் மேல் பெரிய தொடைத் தசை. பின்பகுதியைத் தாங்காமல் தூக்கினால், பயத்தில் ஒரு உதை உதைத்தால், இடுப்புக்குச் சற்று மேலே கடைசி இடுப்பு முள்ளெலும்புகளில் முறியும். தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் அயலில் சீனவெடி கொளுத்திய இரவுக்கு அடுத்த காலையில் கூட்டுக்குள் பின்பாகம் செத்துக் கிடக்கும் முயல், யாரும் தொடாமலே முறிந்ததாக இருக்கலாம். காதில் பிடித்துத் தூக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அடிபட்ட சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன சோதனை எதையும் வீட்டில் செய்யாதீர்கள். தட்டையான பலகையிலோ தடித்த காட்போட்டிலோ மெதுவாகச் சறுக்கி ஏற்றி, இரண்டு பக்கமும் சுருட்டிய துவாய் வைத்து அசையாமல் கொண்டுபோங்கள்.

வைத்தியர் மூன்று கேள்விக்குப் பதில் தேடுவார். கால் விறைப்பாக இருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா? ஆழமான வலி மூளைக்குப் போகிறதா? மூத்திரம் தானாகப் போகிறதா? விறைப்பென்றால் பழுது முதுகின் மேற்பகுதியில், தொய்வென்றால் இடுப்பின் கடைசிப் பகுதியில் அல்லது காலுக்கு வரும் நரம்பில். கீழ் வயிற்றில் சிறு தோடம்பழம் போல மூத்திரப்பை நிறைந்து, சொட்டுச் சொட்டாக வழிந்தால் "மூத்திரம் போகுது" என்று நினைக்க வேண்டாம். நிரம்பி வழிகிறது. ஆழமான வலி திரும்பத் திரும்பப் பார்த்தும் இல்லையென்றால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. அதை மறைக்காமல் சொல்லும் வைத்தியரைக் கோபிக்க வேண்டாம்.

அடிபடாமல், மெல்ல மெல்லப் பின்பாகம் பலமிழந்தால் முள்ளந்தண்டுத் தேய்வு, ஈ. குனிக்குலி, கட்டி என்று பட்டியல் மாறும். நாலைந்து வயதுக்கு மேற்பட்ட, கருப்பை எடுக்காத பெண் முயலில் கருப்பைப் புற்றுநோய் சாதாரணம். அது பரவியும் காலைத் தாக்கலாம், வயிற்றையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டியிலிருந்தே கால் பக்கவாட்டில் விரிந்திருந்தால் அது பிறவிக் கோளாறு அல்லது வழுக்கும் தரையில் வளர்ந்ததன் விளைவு. நான்கு காலும் கழுத்தும் ஒரே நேரத்தில் துவண்டு, புத்தி மட்டும் தெளிவாக இருக்கும் ஒரு நிலையும் முயலுக்கு உண்டு. காரணம் பலவேளை பிடிபடாது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஊட்டிக் கவனித்தால் சில நாளில் எழும்பும் முயல்கள் பல. அவசரப்பட்டுக் கருணைக்கொலை கேட்காதீர்கள்.

படி 7: வலிப்பும் நஞ்சும்

வலிப்பு வரும்போது நேரத்தைப் பாருங்கள், மேசை கதிரையைத் தள்ளிவையுங்கள், விளக்கை அணையுங்கள், வாய்க்குள் ஒன்றும் வைக்காதீர்கள். முடிந்ததும் முயல் எவ்வளவு நேரம் குழம்பியிருந்தது என்று குறியுங்கள்.

எச்சில், கண்ணீர், வயிற்றோட்டம், ஊசி முனை போலச் சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிகொல்லியைச் சந்தேகியுங்கள். இங்கே முயலுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த நஞ்சுக்கு வழமையான மாற்று மருந்து அத்ரோபீன். முயல்கள் பலவற்றின் இரத்தத்தில் அத்ரோபீனை உடைத்துவிடும் நொதியம் இருப்பதால் நாய்க்குக் கொடுக்கும் கணக்கு இதில் சரிவராது. அடிக்கடி திரும்பக் கொடுக்க வேண்டிவரும், அல்லது கிளைக்கோபைரோலேற் என்ற வேறு மருந்து. முயல் அதிகம் பார்க்காத வைத்தியரிடம் இதை மரியாதையாக நினைவுபடுத்துவதில் தப்பில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே உப்புத் தண்ணீர் பருக்கும் வைத்தியம் வேண்டாம்.

நாயோ கீரியோ கடித்துப் பிழைத்த முயலுக்குப் பிறகு நரம்பு அறிகுறி வந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். முயலில் விசர்நோய் அரிது, ஆனால் இலங்கையில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. முயல் உங்களைக் கடித்திருந்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முயல் இறந்தால் புதைக்கும் முன் வைத்தியரிடம் சொல்லுங்கள், தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

படி 8: எந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பது

இடத்தைக் குறித்த பிறகுதான் இந்தக் கேள்வி. முதுகென்றால் எக்ஸ்றே, தயங்காமல். தலைச் சரிவென்றால் மண்டையோட்டு எக்ஸ்றேயில் நடுக்காதுக் குமிழ் தடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். தடித்திருந்தால் பயன், தடிப்பு இல்லாவிட்டால் காது சுத்தம் என்று சொல்ல முடியாது. சிடி ஸ்கான் இதில் பல மடங்கு தெளிவு. இரத்தத்தில் சிறுநீரகம், ஈரல், சீனி, உப்புச் சத்துக்கள் பார்ப்பது எந்த வகையிலும் வீண் போகாது. முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுபோக வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பதானாலும் முயலுக்கு நீண்ட பட்டினி ஆகாது, குடல் நின்றுவிடும்.

ஈ. குனிக்குலிக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பார்கள். இதன் விடையை வாசிக்கத் தெரிய வேண்டும். இல்லை என்று வந்தால் அந்த நோய் பெரும்பாலும் இல்லை. உண்டு என்று வந்தால், முயல் எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு குறையுமில்லாமல் துள்ளும் முயல்களிலும் அது உண்டு என்றே வரும். ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகை எதிர்ப்பொருளும் உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். மூத்திரத்தில் கிருமியைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் உண்டு, ஆனால் கிருமி விட்டு விட்டே வெளியேறுவதால் இல்லை என்ற விடை ஆறுதல் தராது.

இங்கே செய்ய முடியாதவற்றுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் அங்கேதான். ஏ9 வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். உருண்டுகொண்டிருக்கும் முயலை அவ்வளவு தூரம் கொண்டுபோவது எனக்கு உடன்பாடில்லை. முதலில் இங்குள்ள வைத்தியர் மூலம் தொலைபேசியில் கதைத்து, வீடியோவை அனுப்பி, இரத்த மாதிரி மட்டும் போதுமா என்று கேளுங்கள். போவதானால் இரவுப் பயணம், பெட்டி முழுக்கத் துவாய், வழியில் புல்லும் தண்ணீரும்.

படி 9: மருந்தை வைத்துக் கண்டுபிடிப்பது

பரிசோதனை கைக்கெட்டாதபோது வைத்தியர்கள் மருந்து தொடங்கிப் பார்ப்பது உண்டு. நியாயமான வழிதான். ஈ. குனிக்குலிக்குப் பென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து, முயலின் நிறையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை, 28 நாள் என்பது வழமையான அளவு. கூட்டிக் கொடுத்தால் எலும்பு மச்சையைப் பாதிக்கும், எனவே சமையலறைத் தராசில் முயலை நிறுத்து வைத்தியரிடம் அளவு கேளுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிய அல்பெண்டசோல் பூச்சிக் குளிசையை உடைத்துக் கொடுக்க வேண்டாம், முயல்கள் அதனால் இறந்திருக்கின்றன.

அதைவிட அவசரமான எச்சரிக்கை, அலுமாரியில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலின். வாயால் கொடுக்கும் அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் முயலின் குடலிலுள்ள நல்ல பக்றீரியாக்களைக் கொன்று, நஞ்சு விடுபவற்றை வளரவிடும். தலைச் சரிவில் தப்பியிருக்க வேண்டிய முயல் வயிற்றோட்டத்தில் போகும். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் ஊசியை முதல் நாளே போடச் சம்மதிப்பதற்கும் முன் காரணம் கேளுங்கள். முயலின் நோயெதிர்ப்பை அது பலமாக அமத்தும், தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அது ஆபத்தான பந்தயம்.

பிறகு, தேறியதை வைத்து முடிவுகட்டுவது பற்றி. பென்பெண்டசோல் கொடுத்து முயல் தேறினால் நோய் ஈ. குனிக்குலி என்று சொல்லிவிட முடியாது. தலைச் சரிவு பல முயல்களில் நல்ல கவனிப்பிலேயே குறைகிறது, தவிர அதே நேரம் அன்ரிபயோற்றிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். தேறாவிட்டாலும் நோய் அதுவல்ல என்று சொல்ல முடியாது, மூளையில் வந்த தழும்பை மருந்து அழிக்காது. அதனால் கொப்பியில் எழுதும்போது "குணமானது" என்று மொத்தமாக எழுதாமல், ஒவ்வொரு நாளும் நிறை, தின்ற அளவு, பிழுக்கை, தலை எவ்வளவு சரிவு, கண்ணாட்டம் உண்டா இல்லையா என்று தனித்தனியாக எழுதுங்கள். தலைச் சரிவுக்கு நேர் முன்னாலிருந்து ஒரே இடத்தில் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் காலம் முழுக்க முயலை உயிரோடு வைப்பது சாப்பாடுதான். தின்னாவிட்டால் அறுகம்புல், கீரையை அரைத்து ஊசியில்லாத சிரிஞ்சியில் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள், தலையை நிமிர்த்திப் பிடித்தபடி. உருளும் முயலுக்குப் பெட்டியின் சுவரெங்கும் சுருட்டிய துவாய். கீழே இருக்கும் கண் நிலத்தில் உரசிப் புண்ணாகும், அதற்கு வைத்தியரிடம் கண் களிம்பு கேளுங்கள். பின்னங்கால் விழுந்ததென்றால் மூத்திரத்தில் ஊறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்க ஒரு நாள் போதும்.

முயல் இறந்துபோனால், மற்ற முயல்கள் இருந்தால்

காரணத்தை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே வழி சில வேளைகளில் பிரேத பரிசோதனைதான். வீட்டில் வேறு முயல்கள் இருந்தால் அதைக் கேட்பது நல்லது. உடலைப் பொலித்தீனில் சுற்றி ஐஸோடு வைத்து அன்றைக்கே கொடுங்கள். உறைபெட்டிக்குள் வைக்க வேண்டாம், உறைந்தால் மூளைத் திசு நுணுக்குக்காட்டியில் பார்க்க உதவாமல் போய்விடும்.

ஈ. குனிக்குலி மூத்திரம் வழியாகப் பரவும், வெளியே வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கூட்டின் பலகைகளைக் கழுவிக் கொதிதண்ணீர் ஊற்றி, பிறகு ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த பிளீச் போட்டு வெயிலில் காயவிடுங்கள். மற்ற முயல்களின் தண்ணீர்ப் பாத்திரம், புல் போடும் இடம் இரண்டையும் மூத்திரம் படாத உயரத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் புற்றுநோய் மருந்து எடுப்பவரோ சிறுநீரக மாற்றுச் செய்தவரோ இருந்தால் கூடு கழுவும் வேலையை அவர் செய்யக் கூடாது. நோய் எதிர்ப்புக் குறைந்த மனிதரையும் இந்தக் கிருமி பிடிக்கும்.